பானைக்குத்தான் எல்லாக் காசும்

வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்குகிறவர்களுக்கென்று எழுதப்படும் அறிவுரைகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. சின்னப் பானை வாங்காதே, சுத்தமாக இரு, அவசரப்படாதே. எதுவும் பொய் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் இருந்துகொண்டு அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர் முதல் நான்கைந்து தடவை காய்ச்சியதைக் கழிவறையில்தான் ஊற்றுவார். அந்த அறிவுரைகள் நிலவறை உள்ள வீடுகளுக்காக எழுதப்பட்டவை. இங்கிலாந்தில் ஒரு வாளியைப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளிவைத்தால் ஆண்டில் பாதி நாள் அது தானாகவே 18 டிகிரியில் இருக்கும். நம் வீவக வீட்டில் படிக்கட்டு வாசலுக்கு வெளியே இருக்கிறது. உள்ளே பகலில் 30 டிகிரி.

தொடக்கக்காரர்கள் கருவி விஷயத்தில் செய்யும் தவறு, எந்தப் பக்கம் காசைப் போடுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இந்த வேலையில் இரண்டு பாதி உண்டு. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிடுவது சூடான பாதி. அதை ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு நொதிக்கவிட்டு, பாட்டிலில் அடைப்பது ஆறிய பாதி. சூடான பாதி ரொம்பப் பெருந்தன்மையானது. கரண்டி அழுக்காக இருந்தாலும் ஒரு மணி நேரக் கொதி அதைப் பார்த்துக்கொள்ளும். ஆறிய பாதி எதையும் மன்னிக்காது. ஆனால் கடையில் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருப்பது எதை? நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்புவது எதை? பளபளவென்ற எவர்சில்வர் பானையை, பம்பை, செப்புச் சுருளை. எல்லாமே சூடான பாதியின் சாமான்கள்.

அந்தச் செப்புச் சுருளையே எடுத்துக்கொள்வோம். கொதித்த சாற்றுக்குள் அதை இறக்கி, குழாய்த் தண்ணீரை உள்ளே ஓடவிட்டால் இருபது நிமிடத்தில் ஆறிவிடும் என்பார்கள். ஆறும், குழாயில் வருவது பத்து டிகிரித் தண்ணீராக இருந்தால். நம் குழாயில் வருவது 28 டிகிரியை ஒட்டிய தண்ணீர். அதை வைத்துக்கொண்டு எந்தச் சுருளாலும் சாற்றை 20க்குக் கொண்டுவர முடியாது. இது பௌதிகம், கடைக்காரரிடம் கோபித்துப் பயனில்லை. ஐஸ் வாளியில் சின்ன பம்பைப் போட்டுச் சுற்றவிடலாம். அல்லது ஆஸ்திரேலியர்கள் செய்கிற மாதிரி, சூடு தாங்கும் உணவுத்தரப் பிளாஸ்டிக் கேனில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி இறுக மூடி, மறுநாள்வரை ஆறவிடலாம். இரண்டாவது வழிக்கு ஒரு கேன் போதும்.

பிறகு வருகிறது நிஜமான பிரச்சினை. சாதாரண ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். நொதித்தலே சூட்டைக் கிளப்பும். அறை 30 என்றால் வாளிக்குள் இன்னும் சில டிகிரி கூடவே இருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தறிகெட்டு வேலைசெய்து, தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களைத் தள்ளிவிடும். நெயில் பாலிஷ் வாடை, மறுநாள் தலைவலி. குடித்தவர் “வீட்டுச் சரக்குன்னா இப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் போவார். இந்தத் தீர்ப்பைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. கார்ல் வான் லிண்டே 1870களில் குளிர்பதன இயந்திரத்தை உருவாக்கியபோது முதலில் ஆர்வம் காட்டியவர்கள் மியூனிக்கின் பியர் ஆலைக்காரர்கள்தான். அந்தத் தொழில்நுட்பம் இருந்ததால்தான் 1932இல் சிங்கப்பூரிலேயே டைகர் காய்ச்ச முடிந்தது. ஆலைக்காரனுக்குக் குளிரூட்டி இல்லாமல் முடியாத வேலை நமக்கு மட்டும் சமையலறை மூலையில் முடியும் என்று யார் சொன்னது?

ஆகவே, வாங்க வேண்டிய முதல் பெரிய கருவி பழைய ஃபிரிட்ஜும் அதோடு இணைக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும். பானையெல்லாம் பிறகு. இடமில்லையா, வாளியைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்து, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிக்கொண்டிருங்கள். அதுவும் முடியாதென்றால் நார்வேக் கிராமங்களில் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்த க்வெய்க் ஈஸ்ட் இருக்கிறது. 35 டிகிரியிலும் ஒழுங்காக வேலை செய்யும். நம் ஊருக்கென்றே பிறந்த மாதிரி ஒரு ஈஸ்ட் பனிநாட்டிலிருந்து வர வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

அடுத்தது ஹைட்ரோமீட்டர். சாற்றில் சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கண்ணாடிக் குழாய். 1784இலேயே ஜான் ரிச்சர்ட்சன் இங்கிலாந்து ஆலைக்காரர்களுக்காக இதைப் பற்றி எழுதிவிட்டார். பானையோடு ஒப்பிட்டால் விலை அற்பம். இதை வாங்காமல் ஏர்லாக்கில் குமிழி நின்றதை வைத்து “முடிஞ்சிடுச்சு” என்று பாட்டிலில் அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குமிழி நிற்க வாளி மூடி சரியாகப் பதியாததும் காரணமாக இருக்கலாம். காற்றழுத்தம் தேடுவது எளிய வழியை. மூடி ஓரமாகக் கசிந்துவிடும்.

இதன் விளைவு ருசியோடு நிற்பதில்லை. குமிழ் வருவதற்காகப் பாட்டிலில் நாமே போடும் சர்க்கரை லிட்டருக்கு 6, 7 கிராம். 1.012வரை இறங்க வேண்டிய பியரை 1.018இல் அடைத்தால், அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சர்க்கரை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. முப்பது டிகிரி அறையில் ஈஸ்ட் அதைத் தின்றே தீரும். பாட்டில் வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் நிற்பதும் வெடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் விடியற்காலையில் அலமாரிக் கதவே சிதறியது. அந்த நேரம் கூடத்தில் குழந்தைகள் யாரும் இல்லை, அவ்வளவுதான். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, எண் அசையாமல் இருந்தால் மட்டும் அடையுங்கள். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவிட்டவை. நம் அறைச் சூட்டில் 0.002 அளவுக்குக் குறைத்துக் காட்டும். முதல் சில தடவைக்குச் சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அமுக்கிப் பார்த்தாலே உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியும்.

2018இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் பலர் செத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் காய்ச்சுவது என்றாலே அம்மாக்கள் அதைத்தான் கேட்கிறார்கள். தானியச் சாறு நொதிப்பதில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. பயப்பட வேண்டியது கண்ணாடிக்கு. ஈரக் கையோடு தூக்கும் இருபது லிட்டர் கண்ணாடிக் குடுவையையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சில்லறை, ஆனால் சில்லறையில்தான் பியர் கெடும். பிளாஸ்டிக் வாளியைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்தால் விழும் கீறலில் கிருமி குடியேறும், எந்த மருந்தும் அங்கே எட்டாது. வாளியின் அடிக்குழாயை ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவ வேண்டும். கழற்ற முடியாத குழாய் வைத்த வாளியை வாங்கவே கூடாது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் உண்டு. கொதிக்கவைத்தால் லேசில் போகாது, பியரில் பிளாஸ்திரி வாடையாகத் திரும்பிவரும். கேம்ப்டன் மாத்திரையில் கால் துண்டு அதைத் தீர்க்கும்.

இதையெல்லாம் சொன்னால் எதிர்வாதம் தயாராக இருக்கும்: “எங்க தாத்தா தோட்டத்துல எந்த மீட்டர வச்சு கள் எறக்கினாரு?” நல்ல கேள்வி. கள் அன்று இறக்கி அன்றே குடிப்பது. வாய் திறந்த கலயத்தில் இருப்பது. மறுநாள் புளித்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைக் கண்ணாடிக்குள் அடைத்து ஒரு மாதம் கட்டிலுக்கடியில் வைக்கவில்லை. எப்போது புளிக்கும், கலயத்தில் சுண்ணாம்பு எவ்வளவு தடவினால் நொதிக்காமல் பதநீராக நிற்கும் என்பதெல்லாம் கள் இறக்கியவர்களின் விரல்நுனியில் இருந்தது. அதுவும் அளவைதான். அந்த அறிவைக் குடிகாரச் சமாச்சாரம் என்று ஒதுக்கி, எழுதிவைக்காமல் விட்டோம். இப்போது பேரப்பிள்ளைகள் ஒளித்து ஒளித்துக் காய்ச்சுகிறார்கள், யாரிடமும் கேட்க முடியாமல். அப்படிக் கற்கிறவருக்குக் கடை விளம்பரம்தான் வாத்தியார்.

ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் இங்கே சட்டம் அனுமதிக்கிறது. பிறகு எதற்கு ஐம்பது லிட்டர் பானை? வீட்டு அடுப்பில் இருபத்தைந்து லிட்டர் ஒழுங்காகக் கொதிப்பதே பெரும்பாடு. ஐந்து லிட்டர் காய்ச்சுங்கள். அதற்குச் சோற்றுப் பானை போதும், வாளி ஐஸ் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும், மிஞ்சும் காசில் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்கலாம். வாங்கியதும் ஐஸ் தண்ணீரில் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள்.