மெகர் காட்டியது போதுமா?

"மெகரில் ஆயிரம் மெகாஓமுக்கு மேல் காட்டுகிறது, ஜெனரேட்டரின் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறது." அனுபவம் உள்ள பொறியாளர்களே சொல்லும் இந்த வாதம் தவறு.

ஒன்று: மெகர் காப்பின் மின்தடையை அளக்கும் டிசி சோதனை. ஈரம், அழுக்கு, முழுவதும் ஊடுருவிய விரிசல் தெரியும். மைக்கா–எபாக்சி அடுக்குகள் உள்ளே பிரிந்து வெற்றிடம் விழுந்தால் தெரியாது. மிச்சமுள்ள மைக்காவே அளவைத் தூக்கிப் பிடிக்கும். காப்பின் முதுமை தொடங்குவதோ அங்கேதான்.

இரண்டு: சூடு ஏறினால் மெகர் அளவு குறையும். மே மாத அளவையும் மார்கழி அளவையும் 40 டிகிரிக்குத் திருத்தாமல் ஒப்பிட்டு என்ன பயன்?

மூன்று: காயிலின் சுற்றுகளுக்கு இடையிலான காப்பை மெகர் தொடுவதே இல்லை. அதற்கு சர்ஜ் சோதனை வேண்டும்.

பழைய இயந்திரங்களில் இது இன்னும் முக்கியம். எடுத்துக்காட்டாக, மேட்டூர் அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் 1987–90 காலத்தவை. இன்று சூரிய மின்சாரம் பகலில் பெருக, அனல் அலகுகள் சுமையைக் குறைத்து மாலையில் ஏற்றுகின்றன. ஒவ்வொரு முறையும் செம்பு ஓர் அளவும் காப்பு வேறோர் அளவும் விரிகின்றன, பிணைப்பு தளர்கிறது. இதை எந்த மெகர் சொல்லும்?

மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, காப்பில் வீணாகும் மின்னாற்றலைக் காட்டும் டான் டெல்டா பாருங்கள். பகுதி மின்னிறக்கத்தை இயந்திரம் ஓடும்போதே அளந்து, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுங்கள். ஒற்றை மெகர் அளவை நம்பி பழைய ஸ்டேட்டருக்கு நற்சான்று எழுதாதீர்கள்.