கண்ணில் புழுவா? முகம் சுளிக்காதீர்கள்!

'கண்ணுல புழு' என்றாலே நம் வீடுகளில், "சீ... சுத்தபத்தமா இருந்தா இதெல்லாம் வருமா?" என்பார்கள். 'செஞ்ச பாவம்' என்று ஒரு பாட்டி வேறு சேர்த்துக்கொள்வார். புழுவைவிட இந்தப் பேச்சுதான் அதிகக் கெடுதல் செய்கிறது என்பேன். வெட்கப்பட்டே டாக்டரிடம் போகாமல் இருந்துவிடுகிறார்களே!

செம்மறி, வெள்ளாடுகளின் மூக்கில் புழு விடும் ஈ ஒன்று உண்டு. பெயர் 'ஈஸ்ட்ரஸ் ஓவிஸ்'. இது முட்டையிடுவதில்லை, புழுவாகவே ஈனும். அதுவும் உட்காராமல், பறந்தபடியே பீய்ச்சிவிட்டுப் போய்விடும். சில சமயம் ஆட்டு மூக்குக்குப் பதில் மனிதக் கண்! ஸ்கூட்டரில் போகும்போது 'சுளீர்' என்று ஏதோ பட்ட மாதிரி இருக்கும். அப்புறம் உறுத்தல், சிவப்பு, நீர் வடிதல்... 'மெட்ராஸ் ஐ' என்றே தோன்றும். இரண்டு வேளை குளிப்பவருக்கும் இது வரும். இதில் அசுத்தம் எங்கே வந்தது?

புழு ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் வாயில் கொக்கி இருப்பதால் சவ்வைக் கவ்விக்கொள்ளும். தண்ணீர் அடித்தால் சுலபத்தில் போகாது. டாக்டரின் விளக்கு வெளிச்சம் பட்டதும் இமைக்கடியில் ஓடி ஒளியும். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். மனிதக் கண்ணில் இது வளர்வதில்லை. பெரும்பாலும் பார்வை தப்பிவிடும். வேறு சில ஈக்களின் புழு அபூர்வமாகக் கண்ணுக்குள்ளேயே துளைத்துப் போய்விடுவதுண்டு.

"கண்ணு செவந்திருக்கு, டிராப்ஸ் குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்கிறோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கிடைப்பது ஸ்டீராய்டு மருந்தாக இருந்தால் சிவப்பு மறையும். புழு எங்கும் போகாது. வாரக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரலாம்.

இன்னொரு ஈ, 'கிரைசோமியா பெஸ்ஸியானா'. இதுதான் பயங்கரம். திறந்த புண்ணில் நூற்றுக்கும் மேல் முட்டையிடும். புழுக்கள் உயிருள்ள சதையையே தின்னும். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு இமையோரம் புண்ணோ கட்டியோ இருந்து, கவனிக்காமல் விட்டால் சில நாளிலேயே கண்ணைப் பறித்துவிடக்கூடும். "தானா ஆறிடும்" என்று விட்ட வீடுதான் இதற்குப் பொறுப்பு. நான் ஈயைக் குறை சொல்லமாட்டேன்.

டர்பன்டைன், மண்ணெண்ணெய் என்று எதையும் நீங்களாக ஊற்றாதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தினமும் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்க்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். 'அதெல்லாம் மருமக பார்த்துப்பா' என்று மகன்கள் ஒதுங்குகிறார்களே, அது எந்த ஊர் நியாயம்?