காவலனை ஏமாற்றும் காய்ச்சல்

1964-ம் ஆண்டில் சென்னை நகரைச் சிக்குன்குனியா காய்ச்சல் ஆட்டிப் படைத்தது. வீட்டுக்கு வீடு மூட்டு வலி! பிறகு நீண்ட காலம் அது தலைகாட்டவில்லை. 2006-ல் தமிழ்நாட்டுக்குள் மீண்டும் புகுந்தது.

மனித உடலில் காவல் இல்லையா? இருக்கிறது. வைரஸ் நுழைந்ததும் உயிரணு ஒரு பொருளைச் சுரந்து, பக்கத்து அணுக்களை உஷார்ப்படுத்தும். அதன் பெயர் இன்டர்பெரான். 1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால், வைரஸ் பலே கைகாரன். ஆபத்து மணி அடிக்கும் முன்பே சிக்குன்குனியா வைரஸ் கயிற்றை அறுத்து விடப் பார்க்கும். அணுவின் உற்பத்தி வேலையையே அது முடக்குகிறது. டெங்கு வைரசின் சூது வேறு. மணி அடித்தாலும், கேட்பவன் காதை அது அடைத்து விடும். அதாவது, செய்தியை அணுவுக்குள் கொண்டு செல்லும் "ஸ்டாட்-2" என்ற புரதத்தைச் சிதைத்து விடுகிறது. எலியிடம் இந்த வித்தை பலிப்பதில்லை. மனிதனிடம் பலிக்கிறது!

உடல் வேறு படை திரட்டச் சில நாள் ஆகும். அதற்குள் நோயாளியைக் கடித்த ஏடிஸ் கொசு, வைரசை அடுத்த வீட்டுக்குச் சுமந்து போகிறது.

கூடுவாஞ்சேரியில் புது வீடுகள் பெருகுகின்றன. மூடாத தண்ணீர்த் தொட்டியும் மாடியில் கிடக்கும் பழைய டயரும் இந்தக் கொசுவுக்குப் பிரசவ விடுதி. தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். சுவரை வாரம் ஒரு முறை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். தெருவில் அடிக்கும் புகை மருந்து, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். முட்டையை ஒன்றும் செய்யாது.