உயிர் பெறும் ஓவியம்

உயிர்களின் முதல் அடையாளம் அசைவு. காற்றில் ஆடும் கொடியும், நீரில் நீந்தும் மீனும், தொட்டிலில் கைகால் உதைக்கும் குழவியும் நம் கண்ணைக் கவர்வதற்குக் காரணம் அவற்றின் இயக்கமே ஆகும். ஓவியன் தீட்டிய மான் எத்துணை அழகுடையதாயினும் ஓடுவதில்லை. அதனை ஓடச் செய்தல் வேண்டும் என்னும் விருப்பம் மாந்தர் உள்ளத்தில் நெடுங்காலமாக இருந்து வந்தது. அவ்விருப்பத்தின் பயனாய்ப் பிறந்த கலையே அசைவூட்டம். இன்று அக்கலை கணினியின் துணையால் பள்ளி மாணவர் கைக்கும் எட்டியுள்ளது. எழுத்து, படம், ஒலி, அசைவு ஆகிய அனைத்தையும் ஒருங்கே அமைத்துப் பல்லூடகப் படைப்புகளை மாணவர் தாமே ஆக்குகின்றனர். இது மகிழ்தற்குரியது. ஆயினும், அக்கலைக்கு அடிப்படை எது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். கருவியை இயக்கக் கற்றுக்கொள்வதே அடிப்படை என்று பலர் எண்ணுகின்றனர். உற்று நோக்குதலும், காலத்தை அளந்து பகுத்தலும், பொருளறிந்து திட்டமிடுதலுமே அடிப்படை என்பது என் கருத்து.

அசைவூட்டத்தில் உண்மையாக அசைவது எதுவும் இல்லை. சிறிது சிறிதாக வேறுபடும் அசையாப் படங்கள் விரைந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும்போது, நம் கண்ணும் மூளையும் அவற்றைத் தொடர்ந்த இயக்கமாகக் கொள்கின்றன. பெல்ஜிய நாட்டு அறிஞர் யோசப் பிளாத்தோ 1832ஆம் ஆண்டில் இதற்கு ஒரு கருவி செய்தார். வட்டத் தட்டொன்றில் படங்களை வரிசையாக வரைந்து, இடையிடையே பிளவுகள் அமைத்து, அதனைக் கண்ணாடியின் முன் சுழற்றிப் பிளவின் வழியே நோக்கினால் படங்கள் அசைவன போலத் தோன்றும். பின்னர், 1892ஆம் ஆண்டில் எமில் ரெய்னோ என்பவர் தாம் கையால் வரைந்த படங்களைப் பாரிசு நகரில் திரையில் ஓடச்செய்து மக்களுக்குக் காட்டினார்.

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் காட்டுதல் வழக்கமாயிற்று. அப்படங்கள் ஒவ்வொன்றையும் சட்டகம் என்பர். ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440 சட்டகங்கள் வேண்டும். ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திவைத்தாலும் 720 படங்கள் வரைந்தாக வேண்டும். இப்பெரும்பணியை ஒருவரே செய்து முடித்தல் அரிது. ஆதலின் ஓவியக் கூடங்களில் வேலையை இருவகையாகப் பகுத்துக்கொண்டனர். தேர்ந்த ஓவியர் ஓர் அசைவின் தொடக்கம், திருப்பம், முடிவு ஆகிய முதன்மை நிலைகளை மட்டும் வரைவார். அந்நிலைகளுக்கு இடைப்பட்ட படங்களை உதவி ஓவியர் வரைந்து நிரப்புவர்.

கணினி இக்கலைக்குள் நுழைந்தபோது ஏற்றுக்கொண்ட பணிகளுள் ஒன்று இந்த உதவி ஓவியரின் பணியாகும். கனடா நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெயின் என்னும் இருவரும் முதன்மைச் சட்டகங்களைக் கொடுத்தால் இடைச் சட்டகங்களைக் கணினியே கணக்கிட்டு வரையும் முறையை உருவாக்கினர். அம்முறையைக் கொண்டு பீட்டர் ஃபோல்டஸ் என்னும் ஓவியர் 'பசி' என்னும் பொருளுடைய பெயரிட்டு ஒரு குறும்படம் ஆக்கினார். அது 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவன் ஓயாது உண்டு உண்டு பருத்து, இறுதியில் பசித்த மக்களுக்குத் தானே இரையாகும் கதை அது. ஓர் உருவம் மற்றோர் உருவமாக உருகி மாறும் காட்சிகள் அதில் நிறைந்துள்ளன. அவ்விரு அறிஞர்க்கும் 1997ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தொழில்நுட்ப விருது வழங்கிற்று.

இங்கு ஒன்றை நாம் உளங்கொள்ளல் வேண்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள வெளியைக் கணினி நிரப்பியது. ஆனால் எந்தக் கோட்டை வரைவது, உண்பவனை எவ்வாறு காட்டுவது, பசித்தவரை எப்பொழுது திரைக்குக் கொணர்வது என்பவற்றையெல்லாம் முடிவு செய்தவர் ஓவியரே. இன்று மாணவர் கையாளும் அசைவூட்ட மென்பொருள்கள் பலவும் இம்முறையையே அடியாகக் கொண்டுள்ளன. முதற் சட்டகத்தில் ஒரு பந்தை இடப்பக்கத்தில் வைத்து, இருபத்தைந்தாம் சட்டகத்தில் அதனை வலப்பக்கத்தில் வைத்தால், இடைப்பட்ட 23 சட்டகங்களையும் கணினி நிரப்பிவிடும்.

அங்ஙனம் நிரப்பும்போது, வேறு கட்டளை இல்லையெனில், அது பெரும்பாலும் தொலைவைச் சமமாகப் பங்கிடும். ஆனால் இயற்கையில் அசைவுகள் அவ்வாறு அமைவதில்லை. மேலிருந்து விடப்பட்ட கல் முதற் கூற்றுக் காலத்தில் ஒரு பங்கு தொலைவு வீழுமாயின், அடுத்தடுத்த சம காலங்களில் மூன்று, ஐந்து, ஏழு பங்குகளாக வீழும். அதன் விரைவு பெருகிக்கொண்டே செல்லும். மேலெறிந்த பந்தோ உயர உயர விரைவு குன்றி, உச்சியில் ஒரு கணம் நின்றாற்போல் தோன்றிப் பின் இறங்கும். இவற்றையெல்லாம் சமமாகப் பங்கிட்டுக் காட்டினால், பந்து நூலில் கட்டி இழுக்கப்படுவது போலத் தோன்றுமே அன்றி வீழ்வது போலத் தோன்றாது. காண்பவர்க்குக் காரணம் சொல்லத் தெரியாவிடினும், ஏதோ பிழை உண்டென்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இக்குறையைக் களைய எந்த இடத்தில் சட்டகங்களை நெருக்குவது, எந்த இடத்தில் விலக்குவது என்று முடிவு செய்தல் வேண்டும். பந்து துள்ளுவதை நின்று பாராதவன் இதனை எங்ஙனம் அறிவான்?

இதற்குச் சிறந்த சான்றொன்று உண்டு. பிக்சார் நிறுவனம் 1986ஆம் ஆண்டில் 'லக்சோ ஜூனியர்' என்னும் குறும்படத்தை வெளியிட்டது. அது ஏறத்தாழ இரண்டு நிமிடமே ஓடுவது. பெரியதும் சிறியதுமாகிய இரண்டு மேசை விளக்குகளும் பந்துகளுமே அதில் உள்ளன. அவ்விளக்குகளுக்குக் கண் இல்லை, வாய் இல்லை, பேச்சும் இல்லை. எனினும், சிறு விளக்கு துள்ளுவதையும், பந்தின்மேல் ஏறி அதனை நசுக்கியபின் தலை கவிழ்ந்து நிற்பதையும் காண்பவர், அதனைக் குழந்தை என்றும் பெரியதனைப் பெற்றோர் என்றும் உடனே உணர்ந்துகொள்கின்றனர். உயிரற்ற விளக்கிற்கு உயிர் தந்தது அசைவின் அளவும் காலமுமே ஆகும். அப்படத்தை இயக்கிய ஜான் லாசெட்டர் கணினியிடம் வருவதற்கு முன்பே கையால் வரையும் அசைவூட்டத்தை முறையாகப் பயின்றவர். சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்?

இனிப் பல்லூடகப் படைப்புகளுக்கு வருவோம். மாணவர் ஆக்கும் படைப்புகளில் தலைப்பு சுழன்று வருவதையும், எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து அமர்வதையும், ஒரு மூலையில் பூவொன்று ஓயாது ஆடிக்கொண்டிருப்பதையும் பலகாலும் காண்கின்றோம். அசையும் பொருளின்பால் கண் செல்வது இயல்பு. மூலையில் பூ ஆடிக்கொண்டிருந்தால், நடுவிலுள்ள பாடத்தைக் கண் எவ்வாறு படிக்கும்? அணி மிகுந்தால் பொருள் மறையும் என்பது செய்யுளுக்கு மட்டுமன்றிப் படத்திற்கும் பொருந்தும்.

ஆகவே, அசைவே பொருளாக அமையும் இடத்தில் மட்டும் அசைவைப் பயன்படுத்துதல் தக்கது. இதயத்தின் அமைப்பைக் காட்ட அசையாப் படம் போதும். அதன் வலப்பக்கத்திலிருந்து குருதி நுரையீரலுக்குச் செல்வதையும், தூய்மையுற்று இடப்பக்கத்திற்கு மீண்டு உடலெங்கும் பரவுவதையும், குருதி பின்னோக்கிப் பாயாதவாறு தடுக்கிதழ்கள் மூடுவதையும் காட்ட அசைவு வேண்டும். 'அ' என்னும் எழுத்தின் வடிவைக் காட்ட அச்சே போதும். கோடு எங்கே தொடங்கி, எவ்வழி வளைந்து, எங்கே முடிகின்றது என்பதைச் சிறுவர்க்குக் காட்ட அசைவு வேண்டும். அங்ஙனம் காட்டும்போது, வேண்டியபோது நிறுத்தவும் மீண்டும் தொடங்கவும் வசதி இருத்தல் நன்று. புத்தகம் படிப்போன் ஐயம் நேர்ந்தவிடத்து நின்று படிக்கின்றான். ஓடும் படம் அவனுக்காக நிற்பதில்லை.

"இப்பொழுது ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்தாலே கணினி இயங்கும் படத்தைச் செய்து தந்துவிடுகின்றதே; வரையவும் அளக்கவும் கற்பது வீண் முயற்சி அன்றோ?" என்று சிலர் வினவுவர். அத்தகைய கருவிகள் வந்துள்ளன என்பது உண்மையே. அவை நாளும் திருந்தி வருவதும் உண்மையே. ஆனால் கருவி தந்த படம் சரியா பிழையா என்று சொல்ல வேண்டியவர் யார்? நிலவு தேய்வதும் வளர்வதும் புவியின் நிழலால் நிகழ்வன என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். கதிரவன் ஒளி பட்ட நிலவின் பாதியில் எவ்வளவு நமக்குத் தெரிகின்றது என்பதைப் பொறுத்தே அவை நிகழ்கின்றன. நிழல் மறைப்பது போன்ற படத்தைக் கருவி அழகுறச் செய்து தந்தால், வானத்தை நோக்கிப் பழகாத மாணவன் அதனை அப்படியே ஏற்பான். வகுப்பு முழுவதற்கும் காட்டுவான். எழுத்தில் உள்ள பிழையை இருமுறை படித்துக் காணலாம். அசையும் படத்தில் உள்ள பிழையோ கண்ணாரக் கண்ட உண்மை போல் நெஞ்சில் பதிந்துவிடும். கருவியின் ஆற்றல் பெருகப் பெருக, அதனை மதிப்பிடும் அறிவும் பெருகுதல் வேண்டும்.

மாணவர்களே! கணினியின் முன் அமருமுன், உங்கள் குறிப்பேட்டின் ஓரத்தில் பக்கத்திற்கு ஒன்றாக ஒரு பந்தை வரையுங்கள். தாள்களை விரலால் விரைந்து புரட்டிப் பாருங்கள். பந்து தாவும் இடத்தில் தடுமாற்றம் தோன்றினால், வெளியே சென்று உண்மைப் பந்தை எறிந்து பாருங்கள்; மீண்டும் வரையுங்கள். காட்சிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எத்தனை நொடி நிற்கும் என்று முதலில் தாளில் எழுதுங்கள். ஒவ்வோர் அசைவுக்கும் அருகே, 'இஃது எதனை விளக்குகின்றது?' என்னும் வினாவை எழுதி விடை காணுங்கள். விடை கிடைக்காத அசைவை நீக்கிவிடுங்கள். அதன்பின் கணினியிடம் செல்லுங்கள். அப்பொழுது அது உங்களுக்கு நல்லதோர் ஏவலாளாக நின்று உதவும். நாம் பார்க்க மறந்த உலகை எந்தக் கருவியும் நமக்காகப் பார்த்துத் தராது.