'முன்விரோதம்' என்று எழுதி கை அலுத்துவிட்டது!

(நமது நிருபர்)

நெல்லை:

"முன்விரோதம் காரணமாக இந்தச் சம்பவம் நடந்ததாக போலீசார் தெரிவித்தனர்."

கிரைம் செய்தி எழுதும் என்னைப் போன்றவர்கள் வாரத்துக்கு நாலு தடவையாவது எழுதும் வரி இது. பெரியவர்கள் வெட்டிக்கொண்டால் சரி, எழுதிவிடலாம். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கும் இதையே எழுத வேண்டி வந்தால் பேனா ஓட மாட்டேன் என்கிறது.

2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்பு மாணவன் அரிவாளோடு வந்து, கூடப் படிக்கும் பையனை வகுப்பறையிலேயே வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது.

விசாரித்தால், பென்சில் தகராறு!

பென்சிலில் தொடங்கிய சண்டை அரிவாளுக்குப் போக பல நாள் பிடித்திருக்கும். அந்த நாட்களைத்தான் நாம் கோட்டை விடுகிறோம். "சின்னப் பசங்க சண்டை, தானா சரியாப் போயிடும்" என்கிறோம்.

நாங்குநேரி சொல்லும் பாடம்

2023 ஆகஸ்டு 9-ந்தேதி நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பிளஸ்-2 படித்த பட்டியலின மாணவன். கூடப் படித்த வேறு சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தான். ஏன் என்று கேட்டபோது உண்மையைச் சொன்னான். புகார் ஆனது. புகார் போன கையோடு, இரவில் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையும் ரத்த வெள்ளத்தில் விழுந்தாள்.

பையன் பிழைத்தான். மறு வருஷம் பிளஸ்-2 தேர்வில் 600-க்கு 469 மார்க் வாங்கினான். அவன் பாஸ். நாம் பாசா?

அவன் வாயைத் திறந்தது தப்பே இல்லை. வாயைத் திறந்தவனுக்கு அன்று ராத்திரி காவல் இல்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

"கை குடுங்கடா, போங்கடா!"

பல பள்ளிகளில் விசாரணை எப்படி நடக்கிறது? இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்துவார்கள். அடித்தவனுக்கு நாலு திட்டு. "கை குடுங்கடா, போங்கடா!" முடிந்தது விசாரணை. புகார் சொன்னவன் தனியாக பஸ் ஏற வேண்டும். திட்டு வாங்கியவன் பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பான்!

இது மாற வேண்டும். புகார் சொன்னவன் பெயர் வெளியே வரக்கூடாது. தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். பிள்ளை பத்திரமாக வீடு போய்ச் சேர்வதற்கு ஒரு ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் "இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்க வேண்டும்.

அடித்த பையனுக்கு டி.சி. கொடுத்துவிட்டால் கதை முடிந்துவிடாது. அவனுக்கு அந்த வெறியை ஊட்டியது யார்? வீடா, தெருவா, சாதிச் சங்கமா? அதையும் கேட்க வேண்டும்.

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கலர் கயிறு கட்டக்கூடாது என்றது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் மாணவர் நலனைக் கவனிக்க தனி அலுவலர் வேண்டும் என்றது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அந்த வேலையைப் பார்ப்பது யார்? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்.

கடைக்காரர்களே, கண்டக்டர்களே!

பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளே! எந்தப் பையன் எவனிடம் காசு பிடுங்குகிறான் என்பது வாத்தியாருக்குத் தெரியும் முன்னால் உங்களுக்குத் தெரியும். பஸ்சில் எவன் பையை எவன் சுமக்கிறான் என்பது கண்டக்டருக்குத் தெரியும். ஒரு அதட்டு போடுங்கள். ஹெட்மாஸ்டர் காதில் போடுங்கள்.

நான் யோக்கியன் இல்லை. எட்டாவது படிக்கும்போது எங்கள் வகுப்பில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்து தினம் அழ வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவே இல்லை. அவன் நிஜப் பெயர் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை. பட்டப்பெயர்தான் வருகிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் திடீர் திடீரென்று வயிற்று வலி, காணாமல் போகும் காசு, கிழிந்த நோட்டு... இதெல்லாம் சும்மா வருவதில்லை. "நீயும் திருப்பி அடி" என்று ஏத்தி விடாதீர்கள். பாளையங்கோட்டை ஞாபகம் இருக்கட்டும். பள்ளியில் கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பள்ளிக்கல்வித்துறை எண் 14417 இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் "எத்தனை மார்க்?" என்று கேட்கும் முன்னால், "மத்தியானம் யார் கூட உட்கார்ந்து சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள்.

"யாரும் இல்லப்பா" என்று பதில் வந்தால், நாளைக்கு ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு பள்ளிக்கூடம் போங்கள்.