எருவும் காவலும்

திருவள்ளுவர் உழவுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதனுள், உழவனுடைய தொழில்களை ஒன்றோடொன்று சீர்தூக்கி ஒரு வரிசையும் அமைத்தார். உழுவதைக் காட்டிலும் எருப்போடுவது மேலானது. களை பறித்தபின் நீர் பாய்ச்சுவதைக் காட்டிலும் பயிரைப் பாதுகாப்பது மேலானது என்பது அவர் கருத்து. அக்குறளைப் பல்லாண்டுகளாக வகுப்பிலே கற்பித்து வருகின்றேன். பட்டிமாடு புகாமற் காத்தல், பறவையும் விலங்கும் அழிக்காமற் காத்தல், கள்வர் கவராமற் காத்தல் எனக் காவலுக்கு மூன்று பொருள் கூறி, அடுத்த குறளுக்குச் செல்வது என் வழக்கம்.

2021ஆம் ஆண்டு மார்கழித் தொடக்கத்தில் அவ்வுரை எனக்கே போதாததாயிற்று. வன்னியிலிருந்து வந்து எம்மிடம் பயின்ற மாணாக்கன் ஒருவனின் தந்தையார் என்னைக் காண வந்திருந்தார். இரணைமடுக் குளத்தின்கீழ் நான்கு ஏக்கரில் நெல் விதைப்பவர் அவர். மகனுடைய விடுதிச் செலவுக்குத் தவணை கேட்பதற்காக வந்தவர், கேட்க நாணிப் பயிரைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "பசளை கிடையாவிட்டால் பழையபடி எருவைப் போடலாமே" என்று நான் சொல்லிவைத்தேன். அவர் மெல்லச் சிரித்தார்.

"எருவை வேண்டாமெண்டு ஆர் சொன்னது, ஐயா? விதைக்கேக்கை ஒரு சட்டம், முளைச்சாப் பிறகு இன்னொரு சட்டமெண்டால் பயிர் என்ன செய்யும்?"

அவ்வினாவுக்கு அன்று நான் விடை கூறவில்லை. நமது நாட்டின் இன்றைய உழவுத்தொழிலைப் பற்றியிருக்கும் நோயின் மூலம் அவ்வினாவினுள்ளே கிடக்கின்றது என்பது பின்னரே எனக்குப் புலனாயிற்று.

நிகழ்ந்ததை நிரல்பட நோக்குவோம். 2019ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலிலே வெற்றிபெற்றவரின் கொள்கை விளக்கம், நாட்டின் வேளாண்மையைப் பத்தாண்டு காலத்துள் சேதனப் பசளைக்கு மாற்றுவதாகக் கூறியது. 2021 சித்திரையில் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதியை நிறுத்தும் முடிவு வெளியாயிற்று. வைகாசியில் அதற்கான வர்த்தமானி வந்தது. பத்தாண்டிற் படிப்படியாக ஏறவேண்டிய மலையை ஒரே பாய்ச்சலில் ஏற முற்பட்டனர். அவ்வாண்டு கார்த்திகையில், காலபோக விதைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, தடை தளர்த்தப்பட்டது. அப்போது உலகச் சந்தையிற் பசளை விலை பன்மடங்கு ஏறியிருந்தது. நாட்டிலோ அதை வாங்க டொலர் இல்லை. சட்டம் திரும்பி வந்தது. பசளை திரும்பி வரவில்லை.

தடையின் நோக்கத்தை முழுவதும் பழிப்பது நடுவுநிலைமை ஆகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணக் கல்லின் இடுக்குகளிலே தங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறி நமக்குக் குடிநீராகின்றது. வெங்காயத்திற்கும் புகையிலைக்கும் அளவிறந்து போட்ட பசளை, அதே வழியாகக் கீழிறங்கி அந்நீரைச் சேர்கின்றது. இலீற்றர் ஒன்றுக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்திற் பல கிணறுகள் அவ்வெல்லையைக் கடந்துவிட்டன என்று ஆய்வாளர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். வடமத்திய மாகாணத்திலே உழவரை வாட்டும் சிறுநீரக நோய்க்குக் காரணம் ஐயமற நிறுவப்படவில்லையாயினும், நஞ்சும் பசளையும் அங்குள்ள மக்களின் ஐயத்துக்கு இலக்காகியுள்ளன. ஆதலால், குறைத்தல் வேண்டும் என்பதில் அறிவுடையோர்க்குக் கருத்து வேறுபாடு இல்லை.

ஆயின், உழவன் இப்பழக்கத்தைத் தானாகவா கற்றான்? 1962ஆம் ஆண்டு முதற்கொண்டு பசளைக்கு மானியம் கொடுத்தது அரசு. 2005ஆம் ஆண்டிலே நெற்செய்கையாளருக்கு 50 கிலோகிராம் பொதி 350 ரூபாவுக்கு விற்கப்பட்டது. மலிவாகக் கிடைப்பதை மிகையாக இடுவது மனித இயல்பு. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த புதிய இனங்களும், பசளையை உண்டு பலமடங்கு விளையுமாறு உருவாக்கப்பட்டவையே. அவ்விதைகள்தாம் இந்நாட்டை அரிசியிலே தன்னிறைவுக்கு அருகே கொண்டுசென்றன. அரைநூற்றாண்டுக்கு மேலாக ஒரு கையால் ஊட்டிய உணவை மறுகையால் ஒரே நாளிற் பறித்தால், உண்பவன் மெலிவானேயன்றித் திருந்தமாட்டான்.

எருவுக்குத் திரும்பலாம் என்போர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். யூரியாவின் நூறு பங்கில் 46 பங்கு நைதரசன். ஆகவே 50 கிலோகிராம் பொதியொன்றில் 23 கிலோகிராம் உண்டு. கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே பெரும்பாலும் இருக்கும். அந்த ஒரு பொதிக்கு ஈடாக ஆயிரத்து நூறு கிலோகிராமுக்கு மேல், சிலவேளை இரண்டாயிரத்துக்கும் மேல், எரு வேண்டும். அதுவும் மண்ணில் மெல்ல மெல்லவே கரைந்து பயிரைச் சேரும். நம் முன்னோர் பூவரசங் குழையும் பனையோலையும் மண்ணிற் புதைத்தனர். வயலிலே ஆட்டுப்பட்டி அடைத்தனர். அன்று வீட்டுக்கு வீடு மாடு இருந்தது. விளைவின் எதிர்பார்ப்பும் சிறிதாயிருந்தது. இன்று உழவு இயந்திரம் வந்தது, எருது போயிற்று, எருவும் அதனோடு போயிற்று. மாட்டை மீட்காமல் எருவை மட்டும் மீட்பது எவ்வாறு? கடல்கடந்து எருவைக் கொணரவும் முயன்றார்கள். சீனாவிலிருந்து வந்த கப்பலொன்றின் சரக்கிலே தீய நுண்ணுயிர்கள் காணப்பட்டமையால் அது திருப்பப்பட்டது. திருப்பிய சரக்குக்கும் நம் நாடு ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது.

விளைவை எண்களே சொல்லும். 2021ஆம் ஆண்டிலே 50 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்டிருந்த நாட்டின் நெல் உற்பத்தி, 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 34 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. அவ்வாண்டுச் சிறுபோகத்தை எரிபொருட் தட்டுப்பாடும் தாக்கியது உண்மை. எனினும் காலபோகத்தை வீழ்த்தியது பசளையின்மையே. 2022 தையிலே உழவர்க்கு 4,000 கோடி ரூபா இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அயல்நாடுகளிலிருந்து அரிசி கொணரப்பட்டது. பசளைக்குக் கொடுக்க மறுத்த டொலரை அரிசிக்குக் கொடுத்தோம்.

இனி, பசளை கிடைத்துப் பயிரும் விளைந்துவிட்டால் உழவனுடைய துன்பம் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. நெல்லுக்கு உத்தரவாத விலை 1948ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. நெல் சந்தைப்படுத்தும் சபை 1971ஆம் ஆண்டிலே தோன்றியது. நோக்கம் நன்று, ஆயினும் அண்மைக் காலத்திலே சபை வாங்குவது நாட்டு விளைவிற் சிறு பங்கே. எஞ்சியதெல்லாம் ஆலைக்காரர் வைத்த விலைக்குப் போகின்றது. முன்னே அரிவு வெட்டிச் சூடு வைத்து, மிதித்து, காயவைத்து, வீட்டிலே சேமித்து வைத்து விற்றார்கள். இன்று வெட்டும் இயந்திரம் ஓரிரு நாளில் வயலை வெறுமையாக்குகின்றது. ஈரநெல் வயலிலிருந்து நேரே லொறியில் ஏறுகின்றது. காயவைக்கக் களமில்லை, வைத்திருக்கக் களஞ்சியமில்லை, கடன்காரனுக்குப் பொறுமையில்லை. ஊரெங்கும் ஒரே கிழமையில் நெல் குவியும்போது விலை சரியாமல் என்ன செய்யும்?

2025ஆம் ஆண்டிலே நிகழ்ந்ததையும் நோக்குக. அவ்வாண்டு மாசித் தொடக்கத்தில் அரசு விலை அறிவித்தது: நாட்டு நெல் கிலோகிராமுக்கு 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச்சம்பா 132 ரூபா. இவ்விலை குறைவா நிறைவா என்பது வேறு வழக்கு. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் அறுவடை தையிலேயே தொடங்கிவிட்டது. விலை வருமுன் நெல் போய்விட்டவனுக்கு அறிவிப்பினாற் பயன் யாது? அதற்கு முந்திய மார்கழியிலே தனியார் அரிசி இறக்குமதிக்கும் இடங்கொடுக்கப்பட்டிருந்தது. உண்போருக்கு அரிசி வேண்டும் என்பது மெய். ஆனால் புதுநெல் வருகின்ற வேளையிலே புறத்தரிசியும் வந்து சேர்ந்தால், இரண்டும் மோதுவது உழவன் முற்றத்திலேயே.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய குறையன்று. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வடபகுதித் தோட்டங்கள் செழித்தன. அக்காலத்திற் கட்டிய கல்வீடுகளை எங்கள் ஊரிலே இன்றும் காட்டுவார்கள். 1977இன் பின் கதவு திறக்கப்பட்டது. இறக்குமதிச் சரக்கின் விலையோடு நம் தோட்டக்காரர் போட்டியிட முடியவில்லை. கதவைச் சாத்துவது சரியா, திறப்பது சரியா என்று பொருளியல் அறிஞர் வாதிக்கட்டும். உழவன் கேட்பது வேறு: எப்போது திறப்பீர், எப்போது சாத்துவீர் என்பதை, நான் விதைக்குமுன் சொல்லுவீரா?

இதுவே யாம் வற்புறுத்த விரும்புவது. நெல் மூன்று, நான்கு மாதப் பயிர். மண்ணைத் திருத்த வேண்டுமானாற் பல ஆண்டு வேண்டும். வர்த்தமானிக்கு ஓர் இரவு போதும். இம்மூன்று காலங்களும் ஒன்றோடொன்று இசையாத நாட்டிலே நல்ல கொள்கையும் தீமையாய் முடியும். உத்தரவாத விலையை விதைப்புக்கு முன் அறிவித்தல் வேண்டும். மானியமும் விதைப்புக்கு முன் கைசேர வேண்டும். 2024/25 காலபோகத்திலே எக்டேயருக்கு 15,000 ரூபாவாயிருந்தது 25,000 ரூபாவாக உயர்ந்தமை நன்றேயாயினும், பயிருக்குப் பணத்தின் அளவைவிட அது வரும் நாளே பெரிது. இறக்குமதி வரியை அறுவடைக் காலத்தில் மாற்றலாகாது. மண்ணைச் சோதித்து அதற்கேற்பப் பசளையைக் குறைக்கும் வழக்கம் கமநல சேவை நிலையந்தோறும் வரவேண்டும். ஊருக்கொரு களமும் களஞ்சியமும் வேண்டும். இவற்றில் ஒன்றும் புதுமையன்று. ஒன்றும் ஓரிரவில் நடப்பதுமன்று.

அத்தந்தையாரின் மகன் கல்வியை இடையில் விடவில்லை. ஆயின், அவனுடைய இறுதித் தவணைப் பணம் வந்த வழியைப் பின்பே அறிந்தேன். நான்கு ஏக்கரில் ஓரேக்கர் ஈடு வைக்கப்பட்டது. அஃது இன்னும் மீளவில்லை.

இப்போது அக்குறளைக் கற்பிக்கும்பொழுது, மாடு, பறவை, கள்வர் என்னும் மூன்றோடு நான் நிறுத்துவதில்லை. விதைக்கும் நாளிற் சொன்ன சொல்லை அறுக்கும் நாள்வரை மாற்றாதிருத்தலும் பயிர்க் காவலே என்று சொல்லுகின்றேன். உழவர் வீட்டுப் பிள்ளைகள் அதை எழுதிக்கொள்வதில்லை. அவர்களுக்கு அது முன்பே தெரியும்.