உரிமம் கேட்காத கேள்வி

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் எங்கள் கண்ணமங்கலம் பகுதியில் தவறாமல் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர், அதைத் துணியில் சுற்றியோ தோல் உறையில் இட்டோ காவல் நிலையத்துக்குக் கொண்டுவருவார்கள். தேர்தல் நடத்தை விதிகள் விலகும்வரை ஆயுதம் அரசின் பொறுப்பில் இருக்கும். உரிமையாளர் கையில் ஒரு ரசீது மட்டும் மிஞ்சும்.

கடந்த தேர்தலின்போது வேறொரு வேலையாகச் சென்ற நான், அந்த வரிசையைச் சிறிது நேரம் கவனித்தேன். ஒருவர் சுமையை இறக்கிவைத்தவர்போல் நிம்மதியாகத் திரும்பினார். மற்றொருவர், தம் மதிப்பையே யாரோ பறித்துக்கொண்டதுபோல் முகம் வாடினார். இருவரிடமும் இருந்தது ஒரே வகை ஆயுதம். ஒரே சட்டத்தின்கீழ் பெற்ற உரிமம். அவர்களின் மனநிலைகளுக்கு இடையே இவ்வளவு தொலைவு ஏன்?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில் சில ஆண்டுகள் தேசிய மாணவர் படையின் பொறுப்பையும் வகித்தேன். மாணவர்களை 0.22 ரைபிள் பயிற்சிக்கு அழைத்துச் செல்வது அப்பணியின் ஒரு பகுதி. ஓய்வுக்குப் பிறகு, முன்னாள் மாணவர் ஒருவரின் அழைப்பின்பேரில் நகரத்துத் துப்பாக்கி சுடும் தளம் ஒன்றுக்கும் பலமுறை சென்றிருக்கிறேன். அங்கே வருவோரை ஐந்து வகையினராகப் பிரிக்கலாம் என்பது என் அனுபவம்.

முதலாமவர் விளையாட்டு வீரர். அதிகம் பேசமாட்டார். ஒரு குண்டு சுட ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வார். அவருடைய போராட்டமெல்லாம் தம் மூச்சோடும் இதயத் துடிப்போடும்தான். இரண்டாமவர் வங்கியிலோ நகைக்கடையிலோ காவல் பணி பார்க்கும் முன்னாள் ராணுவ வீரர். அவருக்குத் துப்பாக்கி, தையற்காரருக்குத் தையல் இயந்திரம் போல. அதுவே சோறு போடுகிறது. தோட்டாவின் விலை சம்பளத்திலிருந்து போவதால் அரிதாகவே சுடுவார். மூன்றாமவர் பாட்டனாரின் இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பாதுகாப்பவர். எண்ணெய் இட்டுத் துடைப்பதில் அவருக்குள்ள ஈடுபாடு சுடுவதில் இருப்பதில்லை.

நான்காமவருக்குத் துப்பாக்கி ஓர் அணிகலன். இலக்கில் எத்தனை குண்டுகள் பட்டன என்பதைவிட, புகைப்படம் எப்படி வந்தது என்பதே அவருடைய அக்கறை. விலையைக் கேட்காமலே சொல்வார். ஐந்தாமவர் அச்சத்தால் வாங்கியவர். வீட்டிலோ கடையிலோ ஒருமுறை திருட்டு நடந்திருக்கும். விசையை அழுத்தும் கணத்தில் அவர் கண்ணை மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் கண்டு நகைக்கத் தோன்றவில்லை, இரக்கமே தோன்றியது.

பொருளியல் மாணவன் என்ற முறையில் இதை இப்படிப் பார்க்கிறேன். கடையில் விற்கப்படுவது ஒரே பொருள். வாங்கப்படுவதோ ஐந்து வெவ்வேறு பொருள்கள். விளையாட்டுக் கருவி, தொழில் மூலதனம், பரம்பரைச் சொத்து, அந்தஸ்துச் சின்னம், காப்பீடு. இவற்றுள் முதல் மூன்றுக்கான தேவைக்கு இயல்பான எல்லை உண்டு. வீரருக்கு அவர் போட்டிக்கு உரிய ரைபிள் போதும். காவலருக்கு ஒன்று போதும். பாட்டனார் விட்டுச்சென்றது பெருகப் போவதில்லை. கடைசி இரண்டும் அப்படியல்ல. அந்தஸ்துப் பொருளின் மதிப்பு அடுத்தவரிடம் இருப்பதைப் பொறுத்தது. அவர் ஒன்று வாங்கினால் நான் அதைவிடச் சிறந்ததை வாங்கியாக வேண்டும். அச்சமும் அவ்வாறே. அண்டை வீட்டார் ஆயுதம் வாங்குவதே எனக்கு ஆயுதம் வாங்கக் காரணமாகிவிடும். முடிவில் எல்லோரும் செலவழித்திருப்பார்கள். எவருடைய பாதுகாப்பும் கூடியிருக்காது.

இந்தச் சுழற்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா சான்று. 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' என்ற ஆய்வமைப்பு 2018 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அங்கே 100 பேருக்கு ஏறத்தாழ 120 துப்பாக்கிகள் பொதுமக்களிடம் உள்ளன. இந்தியாவில் 100 பேருக்கு ஐந்து என்ற அளவில்தான். ஆனால், இந்தியாவுக்குள்ளேயே வேறுபாடு மிகப் பெரிது. உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி, 2016 இறுதியில் நாட்டில் நடப்பிலிருந்த உரிமங்கள் சுமார் 33.69 லட்சம். அவற்றில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் சுமார் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22,500. 2011 மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், அங்கே சுமார் 156 பேருக்கு ஓர் உரிமம். இங்கே 3,200 பேருக்கு ஒன்று. சட்டம் இரு மாநிலங்களுக்கும் பொது. வேறுபடுவது நிர்வாகத்தின் கண்டிப்பும் சமூகத்தின் மதிப்பீடும்தான். நம்மூர்த் திருமணங்களில் வசதியைக் காட்டுவது பட்டும் நகையும். தோளில் தொங்கும் துப்பாக்கியன்று. ஆரணிப் பட்டு நெய்யும் ஊரிலிருந்து எழுதுவதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. சில வட மாநிலங்களில் திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுட்டு உயிர்கள் பலியானதால்தான், அத்தகைய கொண்டாட்டச் சூட்டை இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கி 2019 இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன.

எண்ணிக்கை மட்டுமே ஆபத்தை முடிவு செய்வதில்லை என்பதற்குக் குடகு எடுத்துக்காட்டு. குடவர்களுக்கு ஆங்கிலேயர் காலம் தொட்டே உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021 இல் அதை ஏற்றுக்கொண்டது. கைல்போது திருநாளில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குவது அவர்கள் மரபு. ஆயுதம் அங்கே தனிமனிதரின் பகட்டாக அன்றி, குடும்பத்தின் பொறுப்பாக மதிக்கப்படுகிறது.

சுடும் தளத்துக்கு வராத ஆறாவது மனிதர் ஒருவரும் இருக்கிறார். எங்கள் ஊருக்கு மேற்கே எழும் ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் சாமையும் கடலையும் பயிரிடும் விவசாயி அவர். இரவில் காட்டுப்பன்றி புகுந்தால் ஒரு பருவத்தின் உழைப்பு விடிவதற்குள் மண்ணாகிவிடும். பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே இடமளிக்கிறது. ஆனால் விண்ணப்பம், காவல் துறை அறிக்கை, பயிற்சிச் சான்றிதழ் என்று அலைவதற்குள் பல நாள் கூலி போய்விடும். எனவே, சிலர் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கியை நாடுகின்றனர். பயிருக்கென்று வந்த அது வேட்டைக்கும் போகிறது. இருட்டில் தவறி மனித உயிரையும் பறிக்கிறது. தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல் துறை அவ்வப்போது அறிவிக்கிறது. அறிவிப்பு நல்லதே. ஆனால், பன்றி அடுத்த வாரமும் வரும்.

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விடலாம். காட்டுயிர்ப் பாதுகாப்பு நோக்கில் இது நியாயமானது. ஆயினும், காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கும் ஏழைக்கே இதன் பயன் மிகக் குறைவு. விரைவான இழப்பீடு இல்லையெனில், அவர் மீண்டும் நாட்டுத் துப்பாக்கியையோ மின்வேலியையோ தேடுவார்.

உரிமத்துக்குள் அடங்காத பரப்பு எவ்வளவு பெரிது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். அன்றைய சட்டப்படி ஒவ்வோர் உரிமத்துக்கும் மூன்று துப்பாக்கிகள் என்று வைத்தாலும், 33.69 லட்சம் உரிமங்களுக்கு ஒரு கோடியே வரும். பொதுமக்களிடம் உள்ளவையோ ஏழு கோடி என்பது அந்த ஆய்வமைப்பின் மதிப்பீடு.

உரிமம் வழங்கும்போது அரசு காரணம் கேட்கிறது. குற்றப் பின்னணியை விசாரிக்கிறது. பாதுகாப்புப் பயிற்சியையும் 2016 ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. இவை வேண்டியவையே. ஆனால், ஆயுதம் கைக்கு வந்தபின் அந்தக் கை எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை. உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அப்போது ஆராயப்படுபவை பெரும்பாலும் காகிதங்களே. ஆண்டுக்கு ஒரு நாளாவது அங்கீகரிக்கப்பட்ட தளத்தில் பயிற்சி செய்து, தளப் பொறுப்பாளரின் குறிப்பைப் பெற்றால்தான் புதுப்பிக்க முடியும் என்று விதி செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு சுடுபவரும், குழலை நண்பர்கள் பக்கம் திருப்பிப் புகைப்படம் எடுப்பவரும் அங்கே தாமே வெளிப்படுவார்கள். காவலர்களின் பயிற்சிச் செலவை அவர்களை அமர்த்தும் நிறுவனங்கள் ஏற்க வேண்டும். மலைக் கிராமங்களுக்கு உரிம முகாம்களும் இழப்பீட்டு முகாம்களும் சேர்ந்தே செல்ல வேண்டும்.

சுடும் தளங்கள் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கிடமாக மட்டும் இருக்கவும் கூடாது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றியவர். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்றது குஜராத்தில் வளர்ந்த பிறகு. இங்கே எத்தனை இளவேனில்கள் ஒரு ரைபிளைத் தொடாமலே இருக்கிறார்களோ!

என் மாணவர் படையில் நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். முதல் நாளிலேயே ஐந்து குண்டுகளையும் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் பதித்தாள். எப்படி என்று கேட்டேன். "தறியில அறுந்த இழையை முடியும்போது மூச்சை அடக்கித்தான் சார் பழக்கம்" என்றாள். அன்று பயிற்சி முடிந்ததும் வழக்கம்போலக் காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கி எண்ணினோம். ஓர் உறை குறைந்தது. அது புல்லுக்குள் கிடைக்கும்வரை, அரை மணி நேரம் எவரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பதினெட்டு வயது மாணவர்களிடம் நாம் கேட்கும் அந்தக் கணக்கை, உரிமம் பெற்ற பெரியவர்களிடமும் கேட்பதில் தவறில்லை.